சின்ன நாடு என்பதாலா சிங்கப்பூர் ஜெயித்தது?

ராயபுரம் கிளியரிங்

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தோம். பேச்சு சிங்கப்பூர் பக்கம் திரும்பியது. "அது என்னங்க நாடு, நம்ம மெட்ராஸ் மாதிரி ஒரு ஊர். அந்தச் சின்ன இடத்தை யார் வேணும்னாலும் நல்லா நடத்தலாம்" என்றார் ஒரு பெரியவர். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். வயசில் பெரியவர் என்பதால் நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

22 வருடமாகச் சென்னைத் துறைமுகத்தில் கிளியரிங் வேலை, அதாவது சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கி வெளியே எடுத்துத் தரும் வேலை, பார்க்கிறேன். என் கைக்கு வரும் கன்டெய்னர் பெட்டிகளில் நிறையப் பெட்டிகள் சிங்கப்பூரிலோ கொழும்பிலோ கப்பல் மாறி வந்தவை. அந்தத் துறைமுகத்தை நான் காகிதத்தில்தான் பார்த்திருக்கிறேன், ஆனால் தினமும் பார்க்கிறேன்.

1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்தபோது சிங்கப்பூருக்கு இருந்த நிலம் சுமார் 580 சதுர கிலோமீட்டர். மக்கள் 19 லட்சம் பேர். குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி மலேசியாவின் ஜோகூரிலிருந்து குழாயில் வர வேண்டும். அரிசியும் வெளியிலிருந்துதான். ஒரு தொழிற்சாலை போட்டால் அதன் சரக்கை வாங்க உள்ளூரில் ஆளில்லை. மூன்று வருடத்துக்குள், 1968இல், தன் படைத்தளங்களை மூடிவிட்டுப் போகப்போவதாக பிரிட்டன் சொன்னது. நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பி இருந்தது. இதையா சுலபம் என்கிறோம்? பெரிய நாட்டுக்கு ஒரு மாநிலத்தில் மழை பொய்த்தால் இன்னொரு மாநிலம் தாங்கும். சின்ன நாட்டுக்குத் தாங்குவதற்கு இன்னொரு தோள் கிடையாது.

"வரி குறைவு, அதனால் கம்பெனிகள் ஓடி வந்தன" என்பது அடுத்த பேச்சு. இப்போது அங்கே நிறுவன வரி 17 சதவீதம் என்பது உண்மை. ஆனால் அவர்கள் வளர்ந்த அந்த இருபது வருடமும், 1980களின் நடுப்பகுதி வரைக்கும், அது 40 சதவீதம். தேவையான தொழிலுக்கு மட்டும் முன்னோடித் தொழில் என்று பேர் வைத்துச் சில வருடம் விலக்குக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் வாரி வழங்கவில்லை.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். பெட்டிக் கப்பலுக்கென்று தனி முனையம் கட்ட அவர்கள் முடிவு செய்தபோது அந்தப் பக்கம் வர எந்தக் கப்பல் கம்பெனியும் உறுதி சொல்லவில்லை. கடன் வாங்கிக் கட்டினார்கள். 1972 ஜூனில் தஞ்சோங் பகாரில் முதல் பெட்டிக் கப்பல் நின்றது. இந்தியாவிலேயே முதல் தனிப் பெட்டி முனையம் நம் சென்னைத் துறைமுகத்தில்தான் வந்தது, 1983இல். பதினோரு வருட வித்தியாசம். இன்றைக்கு அவர்கள் கணக்கு 2024இல் 4 கோடியே 11 லட்சம் பெட்டி, இருபது அடி அளவில். சென்னைத் துறைமுகம் 20 லட்சத்துக்குள்.

நம் துறைமுகத்தில் 2009இல் தொடங்கிய இரண்டாவது முனையத்தை அமைத்து நடத்த வந்ததே சிங்கப்பூர்த் துறைமுகத்தை நடத்தும் பி.எஸ்.ஏ. கம்பெனிதான். அதே கம்பெனி, அதே மாதிரி கிரேன். அப்படியென்றால் வித்தியாசம் கிரேனில் இல்லை.

எங்கே இருக்கிறது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு பெட்டியின் எண்ணில் நாலு எழுத்து, ஏழு இலக்கம். சில வருடம் முன்னால் ஒரு பெட்டிக்கு ஐ.ஜி.எம். என்னும் இறக்குமதிச் சரக்குப் பட்டியலில் ஆறுக்குப் பதில் எட்டு விழுந்துவிட்டது. தட்டச்சுப் பிழை. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கென்றே உள்ளது, கூட்டிப் பார்த்தால் தப்பு என்று அதுவே காட்டிக்கொடுக்கும். அதைத் திருத்தக் கப்பல் கம்பெனியின் ஏஜென்ட்டிடம் ஒரு கடிதம், அங்கிருந்து ஒரு மனு, ஒரு கையெழுத்துக்கு மறுநாள், நடுவில் ஒரு சனி, ஞாயிறு. ஐந்தாம் நாள் பெட்டி வெளியே வந்தது. டெமரேஜ், டிட்டென்ஷன் என்று தாமதத்துக்குக் கட்டும் தொகையெல்லாம் சேர்ந்து, அந்தச் சரக்கில் என் பார்ட்டிக்கு வரவேண்டிய லாபம் போய்விட்டது. இரண்டு தையல் மெஷின் வாங்கும் காசு அது. அவர் ஒரு சின்ன பட்டறைக்காரர்.

சிங்கப்பூரில் 1989இலேயே டிரேட்நெட் என்று ஒன்றைக் கொண்டுவந்து, பல அலுவலகம் ஏறி இறங்கி நாள்கணக்கில் வாங்கிய அனுமதியை ஒரே படிவத்தில் நிமிடக்கணக்கில் கொடுத்தார்கள். அந்த நாட்டின் போட்டித்திறன் என்று நான் நினைப்பது இதைத்தான். காத்திருக்கும் நேரத்துக்கு அங்கே ஒரு விலை இருக்கிறது, அந்த விலையை அரசே தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. இங்கே காத்திருப்பு இலவசம் என்று நினைக்கிறோம். இலவசம் இல்லை, வேறு யாரோ கட்டுகிறார்கள். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.


டிரெய்லர் மணலி

அண்ணே, அந்த வேறு யாரோ நான்தான்.

போன மழைக்காலத்தில் மாதவரத்திலிருந்து ஒரு நாற்பதடிப் பெட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். திருவொற்றியூர் தாண்டி வரிசையில் நின்றபோது மாலை நாலு. கேட்டுக்குள் நுழைந்தபோது மறுநாள் காலை ஆறு. உள்ளே போனதும் நாற்பது நிமிடத்தில் பெட்டியை இறக்கி அனுப்பிவிட்டார்கள். நாற்பது நிமிட வேலைக்குப் பதினாலு மணி நேரம் வெளியே. எனக்குப் பேட்டா டிரிப்புக்குத்தான், மணிக்கு இல்லை. தூங்கவும் முடியாது, முன்வண்டி பத்தடி நகர்ந்தால் நாமும் நகரணும், இல்லாவிட்டால் இடையில் இன்னொரு வண்டி மூக்கை நுழைத்துவிடும். கிளீனர் பையன் இறங்கிப் போய் டீயும் பன்னும் வாங்கி வந்தான். கடல் பக்கம் திரும்பித்தான் ஒண்ணுக்குப் போகணும். பொம்பளை ஓட்டுநர் இந்தத் தொழிலுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறவர்கள் ஒரு ராத்திரி அந்த ரோட்டில் நிற்கட்டும்.

துறைமுகம் மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009இல் அடிக்கல் வைத்தார்கள். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. 2012இல் வேலை நின்றது. கூவத்துக்குள் தூண் மட்டும் பத்து வருடம் நின்றுகொண்டிருந்தது. 2022இல் மறுபடி அடிக்கல். என் பெரிய பெண் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள்.


கொருக்குப்பேட்டை

எல்லாம் சரி, ஆனால் இடத்தை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். மலாக்கா நீரிணை வாயில் உட்கார்ந்திருக்கிறான். உலகத்துக் கப்பல் எல்லாம் அவன் வாசல் வழியாகத்தான் போகணும். அது கடவுள் கொடுத்தது, கொள்கை கொடுத்ததில்லை.


வியாசர்பாடி டீச்சர்

கொருக்குப்பேட்டை சொல்வதில் நியாயம் உண்டு, பாதி நியாயம். அதே நீரிணையில் மலேசியாவின் கிள்ளான் துறைமுகமும் இருக்கிறது, தஞ்சோங் பெலேபாஸும் இருக்கிறது. 2000இல் மெர்ஸ்க் என்ற பெரிய கப்பல் கம்பெனி தன் கப்பல்களைச் சிங்கப்பூரிலிருந்து பெலேபாஸுக்கு மாற்றியது. 2002இல் எவர்கிரீனும் போனது. நீரிணை நகரவில்லை, கப்பல் நகர்ந்தது. அந்த அடிக்குப் பிறகு பி.எஸ்.ஏ. கட்டணத்தைக் குறைத்தது, ஆட்களையும் குறைத்தது. வாசலில் வீடு இருந்தால் மட்டும் வியாபாரம் நடக்காது என்று அவர்களே பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

நான் மேல்நிலை வகுப்புக்குப் பொருளியல் எடுக்கிறேன். பாடப் புத்தகத்தில் வட்டி விகிதம் வரும், பணவீக்கம் வரும். பிள்ளைகள் கேட்பார்கள், "டீச்சர், எல்லா நாட்டிலும் வட்டியை வைத்துத்தான் விலைவாசியைப் பிடிக்கிறார்களா?" என்று. சிங்கப்பூர் அப்படிச் செய்வதில்லை என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். 1981 முதல் அங்கே நம் ரிசர்வ் வங்கி மாதிரியான நாணய ஆணையம் வட்டியைத் தொடுவதில்லை, தங்கள் டாலரின் மதிப்பைத்தான் கவனிக்கிறது. காரணம் எளிது. நம் வீட்டில் வெங்காயம் விலை ஏறினால் நாசிக்கில் மழை என்கிறோம். அவர்கள் வீட்டில் வெங்காயமும் வெளிநாடு, அரிசியும் வெளிநாடு, எண்ணெயும் வெளிநாடு. தங்கள் காசு வலுவாக இருந்தால் மளிகைச் செலவு அடங்கும். ஆனால் காசு வலுத்தால் ஏற்றுமதிக்காரனுக்குச் சரக்கு விலை கூடிப்போகும். அதனால் ஒரு மணி நேரத்தில் செய்கிற வேலையை அவன் கூட்டிக்கொண்டே போகணும். காசை மலிவாக்கிப் பிழைக்கிற வழியை அவர்களே அடைத்துக்கொண்டார்கள். இது சின்ன நாடு என்பதால் வந்த வழி. சின்ன நாடு என்பதால் வந்த சுலபம் இல்லை.

1960இல் ஐ.நா. குழுவோடு சிங்கப்பூருக்கு வந்தவர் ஆல்பர்ட் வின்செமியஸ், ஹாலந்துக்காரர். அவர் சொன்ன யோசனைகளில் ஒன்று, அந்த ஊரைப் பிரிட்டிஷ் துறைமுகமாகத் தொடங்கிய ராஃபிள்ஸின் சிலையை எடுக்காதீர்கள் என்பது. காலனி ஆட்சி போய்விட்டது, சிலை எதற்கு என்று எவருக்கும் தோன்றும். வெளிநாட்டு முதலாளி வந்து பார்க்கும்போது, இந்த ஊர் திடீர் திடீரென்று மனம் மாறாது என்று அவனுக்குத் தெரியணும் என்பதுதான் கணக்கு. அவர் 1984 வரை ஆலோசகராக இருந்தார். ஒரே கட்சி ஆட்சியில் இருந்ததால் அப்படித் தொடர முடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், அதைப் பிள்ளைகளிடமும் மறைப்பதில்லை.

ஜூராங்கில் சதுப்பு நிலத்தைத் தூர்த்துத் தொழிற்பேட்டை போட்டபோது முதல் சில வருடம் காலி மனைதான். நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் முட்டாள்தனம் என்றே அதற்குப் பேர் வைத்தார்கள். 1968 முதல்தான் அமெரிக்க மின்னணுக் கம்பெனிகள் வரிசையாகச் சிங்கப்பூருக்கு வந்தன.


பெரம்பூர் மில் பேரன்

டீச்சர், தொழிலாளி பக்கம் யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

என் தாத்தா பின்னி மில்லில் தறி ஓட்டியவர். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது பெரம்பூரில், இந்தியாவில் ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்லும் சங்கம். அந்தப் பெருமையில் வளர்ந்த வீடு எங்கள் வீடு. 1996இல் மில் மூடியது. தாத்தா அதற்குப் பிறகும் காலை ஆறு மணிக்குக் குளித்துத் தயாராகி வாசலில் உட்காருவார். சங்கு ஊதாத தெருவில் அவருக்கு மணி தெரியவில்லை.

சிங்கப்பூர் 1968இல் சட்டம் கொண்டுவந்து சங்கங்களின் கையைக் கட்டியது. ஆளை எடுப்பது, தூக்குவது, இடம் மாற்றுவது பற்றிச் சங்கம் பேரம் பேசக் கூடாது என்றார்கள். இது எனக்குக் கசக்கிறது, கசக்கிறது என்றே எழுதுகிறேன். ஆனால் 1972இல் தேசிய ஊதிய மன்றம் அமைத்தபோது அரசும் முதலாளியும் சங்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள், இன்றுவரை உட்காருகிறார்கள். 1979இல் அந்த மன்றமே சம்பளத்தை வேண்டுமென்று ஏற்றச் சொன்னது, மலிவுக் கூலித் தொழிலெல்லாம் தானாக வெளியேறட்டும் என்று. கூலியைக் குறைத்துத்தான் போட்டி போட முடியும் என்று இங்கே பேசுகிறவர்கள் அதைக் கவனிக்கணும்.

1985இல் அது கைமீறிப்போய்ப் பொருளாதாரமே சுருங்கியது. அப்போது நம் பி.எஃப். மாதிரியான சேமநிதிக்கு முதலாளி கட்டிய பங்கை 25 சதவீதத்திலிருந்து 10க்கு இறக்கினார்கள். தொழிலாளியின் பணம்தான் போனது. பிறகு ஏற்றினார்கள், ஆனால் இன்றுவரை அந்த 25க்கு வரவில்லை, 17இல் நிற்கிறது. ஆக அங்கேயும் விலையைக் கட்டியவர் தொழிலாளி. ஒரே வித்தியாசம், கட்டச் சொல்வதற்கு முன்னால் கணக்கைக் காட்டினார்கள். எங்கள் தாத்தாவுக்கு யாரும் கணக்குக் காட்டவில்லை. ஒரு நாள் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.


துவாஸ் ரிட்டர்ன் திருவொற்றியூர்

வணக்கம். 11 வருடம் அங்கே கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தேன். நல்லதும் சொல்கிறேன், மற்றதும் சொல்கிறேன்.

பிரிட்டன் போகப்போகிறது என்றதும் செம்பவாங்கில் இருந்த அதன் கடற்படைக் கப்பல் பட்டறையை வணிகக் கப்பல் பட்டறையாக்கினார்கள், 1968இல். கப்பல் பழுது பார்ப்பதில் அவர்கள் முன்னுக்கு வந்த கதை அங்கே தொடங்குகிறது. நான் போனபோது பார்த்தது, ஒரு கப்பல் உலர்துறைக்குள் வந்தால் எந்த மணிக்கு வெளியே மிதக்கும் என்று பலகையில் எழுதியிருப்பார்கள். அந்த மணிக்கு மிதக்கும். இரும்புத் தொட்டிக்குள் இறங்கும் முன்னால் ஒருவன் வாயு அளவு பார்த்துச் சீட்டுக் கட்டுவான். சீட்டு இல்லாமல் ஃபோர்மேன் சொன்னாலும் இறங்கக் கூடாது. வேகமும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று எதிரி என்று இங்கே நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் அது தப்பு என்று தெரிந்தது.

மற்றது. மேலே சொன்ன சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். ஒர்க் பெர்மிட்டில் போன எங்களுக்கு ஒரு காசு கிடையாது. அதற்குப் பதில் என் தலைக்கு முதலாளி மாதாமாதம் அரசுக்கு லெவி என்று ஒரு வரி கட்டினார். அந்தப் பணம் அந்த நாட்டுக் கஜானாவுக்குப் போனது. என் வயதான காலத்துக்கு இல்லை. ஊரில் ஏஜென்ட்டுக்குக் கட்டிய கடன் அடையவே 14 மாதம் ஆனது. அறையில் 12 பேர். 2020 ஏப்ரலில் கொரோனா வந்தபோது விடுதிக் கதவைப் பூட்டினார்கள், சம்பளமும் சாப்பாடும் கொடுத்தார்கள், வைத்தியமும் பார்த்தார்கள். ஆனால் ஊர்க்காரர்கள் வெளியே நடமாடத் தொடங்கிய பிறகும் எங்களுக்கு ரொம்ப நாள் வெளியே போக அனுமதி இல்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்த பூவரச மரத்தை நான் அந்த வருடம் பார்த்த மாதிரி என் வாழ்நாளில் எந்த மரத்தையும் பார்த்ததில்லை.

அந்த நாட்டின் போட்டித்திறனில் எங்கள் முதுகும் இருக்கிறது. அந்த ஊரைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. என் தங்கை கல்யாணம் அந்தப் பணத்தில்தான் நடந்தது.


ராயபுரம் கிளியரிங்

துவாஸ் தம்பி, ரொம்ப நன்றி. லெவி விஷயத்தை நான் பெட்டிக் கணக்கில் பார்த்ததே இல்லை.

மில் பேரன் சொன்ன "கணக்கைக் காட்டினார்கள்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நான் காத்திருப்பின் விலை என்று சொன்னதும் அதுதான்.


வியாசர்பாடி டீச்சர்

இன்னொன்று சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கல்யாண வீட்டுப் பெரியவருக்குப் பதில் முழுமையாகாது. சின்னதாக இருந்தால் போதும் என்றால் பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. 1948இல் சுதந்திரம் வாங்கியபோது இலங்கை நிலைமையைப் பார்த்துச் சிங்கப்பூர் ஏங்கிய காலம் உண்டு. தேயிலை, படிப்பு, கொழும்புத் துறைமுகம் எல்லாம் இருந்தது. 1977இல் தெற்காசியாவில் முதலில் சந்தையைத் திறந்ததும் அவர்கள்தான், மறுவருடம் கட்டுநாயக்கவில் தடையற்ற வர்த்தக வலயம் வந்தது. ஆனால் 1956இல் சிங்களம் மட்டும் சட்டம், 1983 கலவரம், போர். படித்த தமிழர் எத்தனை பேர் வெளியேறினார்கள் என்று இங்கே வட சென்னையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம் பிறந்தது யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில். அந்த நாடு தமிழையும் ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்தது. மொழிக் கொள்கையும் பொருளாதாரக் கொள்கைதான் என்று நான் வகுப்பில் சொல்வது இதனால்தான்.

அப்புறம் 2019 டிசம்பரில் கொழும்பு அரசு மதிப்புக்கூட்டு வரியை 15இலிருந்து 8க்குக் குறைத்தது. 2021இல் ரசாயன உரத்தை ஒரே உத்தரவில் தடை செய்தது. 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. சின்ன நாட்டில் நல்ல முடிவு சீக்கிரம் பரவும், கெட்ட முடிவும் ஒரே பருவத்தில் எல்லார் அடுப்புக்கும் வந்துவிடும்.


எண்ணூர் கழிமுகம்

எல்லாரும் படித்தவர்கள். நான் வலைக்காரன். என் பையன் இதைப் படித்துக் காட்டினான், நான் சொல்லச் சொல்ல அவன்தான் அடிக்கிறான்.

சிங்கப்பூரில் ஜூராங் சதுப்பைத் தூர்த்தார்கள் என்று டீச்சரம்மா எழுதியிருக்கிறார். சதுப்பு என்றால் இறால் இருந்திருக்கும், அலையாத்தி இருந்திருக்கும், அதை நம்பி எங்களை மாதிரி ஆட்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் எங்கே போனார்கள்?

இங்கே கொசஸ்தலை ஆற்று வாயில் என் அப்பா கையால் துழாவி இறால் பிடித்தார். இடுப்புத் தண்ணீரில் நின்று, பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவுவார். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். இப்போது அந்த இடத்தில் காலை வைத்தால் சேறு இல்லை, அனல்மின் நிலையச் சாம்பல். முழங்கால் வரை உள்ளே போகும். கை வைத்தால் தோல் அரிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. வலை, படகு, இஞ்சின் எல்லாம் கறுப்பு. வலையைக் கொளுத்தத்தான் முடிந்தது.

துறைமுகம் வேகமாக வேலை செய்ய வேண்டும் என்கிறீர்கள். செய்யட்டும். எங்கள் கணக்கை யார் எழுதுவார்கள்?


வியாசர்பாடி டீச்சர்

ஐயா, அவர்கள் போன இடத்தைச் சொல்கிறேன். 1966இல் அங்கே ஒரு நிலம் எடுக்கும் சட்டம் வந்தது. சந்தை விலையை விடக் குறைவாகக் கொடுத்து நிலத்தை எடுத்தார்கள். கம்போங் என்று அங்கே சொல்லும் கிராமங்கள், மீனவக் குடியிருப்புகள் எல்லாம் போயின. எதிர்த்து நிற்க வழி பெரிதாக இல்லை. எடுத்த நிலத்தில் வீடு கட்டி, சேமநிதியிலிருந்தே தவணை கட்டலாம் என்று 1968இல் வழி செய்து, அந்த மக்களுக்கே விற்றார்கள். பத்தில் எட்டுப் பேர் இன்றும் அந்த அரசு அடுக்குமாடிகளில்தான் இருக்கிறார்கள். தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே குடியிருப்பு, பள்ளி, சந்தை. வீடு கிடைத்தது, ஐயா. கடல் கிடைக்கவில்லை. அதற்கு அவர்களிடமும் பதில் கிடையாது.

என் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டு பேரின் தெருவைக் காலி செய்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அப்பாவின் வேலை இங்கே, வீடு முப்பது கிலோமீட்டருக்கு அப்பால். அந்தப் பேருந்துக் கட்டணமும் இரண்டரை மணி நேரமும் எந்தக் கணக்கிலும் இல்லை. ஒருவன் படிப்பை நிறுத்திவிட்டான். நன்றாகப் படிக்கிற பையன்.


டிரெய்லர் மணலி

எண்ணூர் ஐயா, நாங்களும் அந்த ரோட்டில்தான் புகை விடுகிறோம். இஞ்சினை அணைக்காமல் ராத்திரி முழுக்க நிற்கிறோம். உங்கள் பேரன் பேத்தி மூச்சுக்குள் போவது எங்கள் வண்டிப் புகையும்தான். வரிசை குறைந்தால் எனக்கு மட்டும் நல்லதில்லை.


ராயபுரம் கிளியரிங்

எண்ணூர் ஐயா கேட்டதற்கு இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் ஊருக்கு நடுவில் இருக்கும் பழைய முனையங்களை 2027க்குள் காலி செய்து அவற்றின் வேலையை மேற்கு ஓரத்தில் உள்ள துவாஸுக்குக் கொண்டுபோகிறார்கள். காலியாகும் கடற்கரையை ஊருக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். இதை ஒரு நல்ல உதாரணமாக இங்கே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நம் ஊரிலும் இதே போல ஒன்று நடந்தது என்று சேர்த்து எழுத நினைத்தேன். 2011 அக்டோபர் முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்னால் ராயபுரத்தில் வெள்ளைத் துணி காயப்போட முடியாது. கொடியிலிருந்து எடுக்கும்போது சட்டைக் காலரில் கறுப்புக் கோடு இருக்கும். அந்த வருடம் என் அம்மா மொட்டைமாடியில் வடகம் பிழிந்தார், பல வருடத்துக்குப் பிறகு. சாயங்காலம் எடுத்தபோது வெள்ளையாகவே இருந்தது. தெருவுக்கெல்லாம் கொடுத்தார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் கை நின்றது. 22 வருடம் துறைமுகத்தில் வேலை செய்தவன், அந்த நிலக்கரி எங்கே போனது என்று எனக்குத் தெரியும். காகிதத்தில் என் கண் முன்னால்தான் போனது. அது யார் வீட்டுக் கொடிக்குப் போனது என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.


எண்ணூர் கழிமுகம்

எங்க பக்கம்தான் வந்தது, தம்பி. அம்மா நல்லா இருக்காங்களா?